மாப்பிள்ளையின் விசிறியில் எட்டு மில்லிமீட்டர் துளை

அன்பும் பொறுமையும் நிறைந்த மாப்பிள்ளைக்கு, மாமனார் எழுதிக்கொள்வது. இங்கு நான், உங்கள் அத்தை, என் முழங்கால் வலி மூவரும் சௌக்கியம். அங்கு நீங்களும் என் மகளும் நீங்கள் போட்டிகளில் பறக்கவிடும் குட்டி விமானமும் சௌக்கியம்தானே?

போன தடவை உங்கள் சோபாவில் கிடந்த, விமானத்தின் மூக்கில் சுழலும் மர விசிறியின் மேல் உட்கார்ந்து அதை நான் இரண்டாக்கியதிலிருந்து மனசே சரியில்லை. "பரவாயில்ல மாமா, உங்களுக்கு அடி படலையே" என்றீர்களே, அதுதான் இன்னும் குத்துகிறது. அதனால்தான் விமானத்துக்குக் கார்பன் ஃபைபரில் ஒரு விசிறி வாங்கினேன். அதன் நடுத்துளை ஆறு மில்லிமீட்டர், உங்கள் எஞ்சின் தண்டு எட்டு. "அனுப்புங்க, நானே துளைச்சுக்கறேன்" என்றீர்கள். முப்பத்தெட்டு வருஷம் ஊரார் பல்லைத் துளைத்தவனிடம் சொல்லும் பேச்சா இது? ஞாயிற்றுக்கிழமை போட்டி, வேறு விசிறி கிடையாது என்பதெல்லாம் எனக்குத் தெரியாதா?

நீங்கள் போனில் சொன்ன எச்சரிக்கைகளை உங்கள் அத்தை காலண்டர் தாளின் பின்னால் எழுதி வைத்துக்கொண்டு நேற்று என் தலைமேல் நின்றாள். பக்கத்து வீட்டுத் தச்சர் ஸ்டாண்டு டிரில்லும் அதில் மாட்ட எட்டு மில்லி புது பிட்டும் கொண்டுவந்தார். நார் பிய்ந்து வராமலிருக்க விசிறியை மேலும் கீழும் பலகை வைத்து இறுக்கினேன். என் பழைய டாக்டர் மாஸ்க்கை மாட்டப் போனால், "அது எச்சிலுக்குத்தான் ஆகும், இந்தத் தூளுக்கு ஆகாதுன்னு மாப்பிள்ளை சொன்னாரு" என்று பிடுங்கிக்கொண்டு கெட்டியான தூசி முகமூடியை மாட்டிவிட்டாள். மையம் பார்த்து, மெதுவான வேகத்தில் பிட்டை இறக்கும்போது பழக்கதோஷத்தில் "வலிச்சா கையைத் தூக்குங்க" என்றேன். விசிறி சும்மா இருந்தது, தச்சர்தான் வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தார். தூள் பறக்காமலிருக்க அத்தை சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டாள். பாதியில் நிறுத்தி, முகமூடியைத் தூக்கிவிட்டு, துளையை ஊதக் குனிந்தேன். காலரைப் பிடித்து இழுத்துவிட்டாள். "ஊதினீங்கன்னா அவ்வளவுதான். அந்தத் தூள் நுரையீரல்ல போய் உக்காந்துக்குமாம். ஈரத்துணியால துடைங்க." கல்யாணமானதிலிருந்து என்மேல் இவ்வளவு அக்கறையை நான் பார்த்ததில்லை. கொஞ்சம் சந்தோஷமாகவே இருந்தது.

துளை கச்சிதம். ஒரு பிசிறு இல்லை. எட்டு மில்லி கம்பியில் கோத்துப் பார்த்தேன், இரண்டு இறக்கையும் சமமாக நின்றன. "டாக்டர், உங்ககிட்ட ஒரு தடவை பல்லைக் காட்டாம விட்டுட்டேனே" என்றார் தச்சர்.

நாளை பார்சலில் வரும். போட்டிக்கு நான் வரவில்லை. வந்தால் நீங்கள் விமானத்தைப் பார்க்காமல் நான் எங்கே உட்காருகிறேன் என்றே பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

நீங்களும் என் மகளும் எல்லாப் பற்களோடும் நூறு வயது வாழ ஆசீர்வதிக்கும்,
மாமனார்

பி.கு.: பார்சலைக் கட்டுவதற்கு முன் அத்தை டீ போடப் போனாள். நானும் விசிறியும் தனியாக இருந்தோம். சுத்தமான, ஈரமில்லாத, அழகான துளை. அப்படி ஒன்றைத் திறந்தபடி நான் யாரையும் வீட்டுக்கு அனுப்பியதே இல்லை. கை தானாக டிராயரைத் திறந்து, மிச்சமிருந்த பல் சிமெண்டைக் குழைத்து அடைத்துவிட்டது. வழவழவென்று தேய்த்தும் விட்டேன். இனி உங்கள் எஞ்சின் தண்டென்ன, குண்டூசிகூட நுழையாது. ஆகவே சனிக்கிழமை காலை ரயிலில் விசிறி, பலகை, டிரில், தச்சர், அத்தை எல்லாரோடும் வருகிறேன். சோபாவைக் காலி செய்து வையுங்கள். மறுபடி துளைத்துத் தருகிறேன். முடிந்ததும் என் இரண்டு கைகளையும் நீங்கள் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.