அடிச்சட்டத்துக்கு இன்னும் ஒரு கோட்

பழைய காரை வாங்கி ஓட்டுகிறவர் ஒரு ரகம். வாங்கி, துடைத்துத் துடைத்து நிறுத்தியே வைத்திருப்பவர் இன்னொரு ரகம். இந்த இருவராலும் யாருக்கும் பெரிய கெடுதல் இல்லை. நான் சொல்ல வந்தது மூன்றாவது ரகத்தை. காரை அக்கக்காகக் கழற்றி, அதன் அடிச்சட்டத்துக்குத் தன் வீட்டிலேயே, தன் கையாலேயே, பிரஷ் பிடித்துப் பெயிண்ட் அடிப்பவர். இவரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்க்கவில்லை என்றால் வாசனையாவது வந்திருக்கும்.

அடிச்சட்டம் என்பது காரின் எலும்புக்கூடு. ஏணியைப் படுக்கப் போட்டதுபோல இரண்டு நீள இரும்புகள், நடுவே சில குறுக்கு இரும்புகள். அதன்மேல் எஞ்சின் உட்காரும், பாடி உட்காரும், பாடிக்குள் நீங்கள் உட்காருவீர்கள். எல்லோரும் உட்கார்ந்தபின் அடிச்சட்டத்தை ஒருவரும் பார்க்கப்போவதில்லை. சேறு பார்க்கும். நிழலுக்கு ஒதுங்கும் நாய் பார்க்கும். அந்த நாய்க்காகத்தான் இவர் முகம் தெரிகிற அளவுக்குப் பளபளப்பு ஏற்றிக்கொண்டிருக்கிறார்.

இவரை அடையாளம் கண்டுகொள்வது சுலபம். நகக்கண்ணில் கறுப்பு, சட்டைக் கையில் தின்னர் வாடை. பெயிண்ட் அடித்த எதைக் கண்டாலும் விரல் நுனியால் தடவிப் பார்ப்பார். துக்கம் விசாரிக்கப் போன வீட்டில் ஜன்னல் கம்பியைத் தடவிவிட்டு, அழுதுகொண்டிருக்கும் மகனிடம், "பிரைமர் போடாம அடிச்சிருக்காங்க, அதான் உரியுது" என்று ஆறுதல் சொல்வார். ஸ்பிரே அடித்தால் அரை நாளில் முடிந்துவிடுமே என்று மட்டும் இவரிடம் கேட்டுவிடாதீர்கள். கேட்டவர்கள் பஸ்ஸைத் தவறவிட்டிருக்கிறார்கள்.

எங்கள் தெருவில் ஒருவர் இருக்கிறார். தொழிலில் பல் டாக்டர். கார் மாமனாருடையது. மாமனார் கண் மங்கி ஓட்டுவதை நிறுத்தியபோது சாவியை மாப்பிள்ளை கையில் கொடுத்து, ஒன்றே ஒன்று கேட்டார்: இந்தக் காரில் ஒரு தடவை, மகள் ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து ஏரிக்கரை வரை போய்வர வேண்டும். "அதுக்கென்ன மாமா, கீழே லேசா துரு இருக்கு. ரெண்டு கோட் அடிச்சிட்டுப் போயிடலாம்" என்றார் டாக்டர்.

அந்த இரண்டு கோட்டைத்தான் அதன்பின் நாள் கணக்கில்லாமல் அடித்துக்கொண்டிருந்தார்.

பாடி கொல்லையில் மரக்கட்டைகள்மேல் தார்ப்பாய் போர்த்தி நின்றது. எஞ்சின் சாப்பாட்டு மேசைக்குக் கீழே இருந்தது. காலை நீட்டினால் இடிக்கும். பின்சீட் கூடத்தில் சோபாவாக இருந்தது. மாமனார் தினமும் காலையில் சட்டை மாட்டிக்கொண்டு அதில் போய் உட்காருவார். "என்னப்பா வேணும்?" என்று மகள் கேட்டால், "ஒண்ணுமில்லம்மா, சிக்னல்ல நிக்கிறோம்" என்பார்.

அடிச்சட்டம் இருந்தது ஷெட்டில். அங்கே நடந்தது பெயிண்ட் வேலை அல்ல, அறுவைச் சிகிச்சை. முதல் நாள் தரையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்குவார். ஜன்னலை மூடுவார். வீட்டில் ஃபேன் ஓடக்கூடாது, துணி உதறக்கூடாது, தும்மல் வந்தால் தெருவுக்குப் போய்விட வேண்டும். பெயிண்டை வடிகட்டுவதற்கு அவர் கண்டுபிடித்த ஒரே சரியான கருவி சமையலறை டீ வடிகட்டி. அடித்து முடித்தபின் கைவிளக்கைச் சாய்வாகப் பிடித்து ஒவ்வொரு அங்குலமாகப் பார்ப்பார். எங்கோ ஒரு மூலையில், பிரஷ்ஷிலிருந்து உதிர்ந்த ஒரு முடி, பெயிண்டுக்குள் நிம்மதியாகப் படுத்திருக்கும். உடனே உப்புத்தாள், தண்ணீர், தேய்ப்பு, துடைப்பு, காயவைப்பு. அப்புறம் அந்த மந்திரம்: "இன்னும் ஒரு கோட் அடிச்சா சரியாயிடும்."

"என்னங்க, அது வண்டிக்கு அடியில போறது" என்பார் மனைவி.

"அடியில போறதுன்னா அசிங்கமா இருக்கலாமா?"

"உங்க பனியனும்தான் சட்டைக்கு அடியில போகுது. ஓட்டையோடதானே போட்டிருக்கீங்க?"

டாக்டர் குனிந்து பனியனைப் பார்த்தார். பிறகு பிரஷ்ஷை டின்னில் தோய்த்தார்.

இப்படியே போயிருக்கும். ஆனால் காருக்கும் அரசாங்கத்துக்கும் ஒரு பந்தம் இருக்கிறது. பதிவைப் புதுப்பிக்க மாதக் கடைசிதான் கெடு. தவறினால் அந்தக் கார் சாலையில் இறங்கவே முடியாது. மாமனாரின் ஏரிக்கரையும் அத்தோடு சரி. மனைவி அலைந்து திரிந்து, கெடு முடிகிற அன்றைக்கு வண்டிப் பரிசோதகரை வீட்டுக்கே வரச் சம்மதிக்க வைத்தார். பரிசோதகருக்கு வேண்டியது ஒன்றுதான். அடிச்சட்டத்தில் வெட்டிப் பொறித்திருக்கும் நம்பரைக் கண்ணால் பார்த்து, அதன்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

டாக்டருக்கு ஒரே உற்சாகம். நாயைத் தவிர வேறொருவர் பார்க்கப்போகிறாரே! ஷெட்டில் இரண்டு விளக்கைக் கூடுதலாக மாட்டினார்.

பரிசோதகர் வந்தார். சுற்றினார். குனிந்தார். தன் முகத்தை அதில் பார்த்து மீசையைக்கூட ஒதுக்கிக்கொண்டார்.

"பிரமாதம் சார். இந்த மாதிரி பார்த்ததே இல்ல. நம்பர் எங்க இருக்கு?"

டாக்டர் சிரித்தபடி வலது முன்பக்கம் போனார். சிரிப்பு நின்றது. இடது பக்கம் போனார். மறுபடி வலது பக்கம் வந்தார்.

"இங்க சின்னச் சின்னக் குழியா ஒரு வரிசை இருந்துச்சு..." என்றார் மெல்ல.

"இருந்துச்சா?"

"துருக் குழின்னு நினைச்சு... பட்டி வச்சு அடைச்சுட்டேன்."

மனிதர் பல் டாக்டர். குழியைக் கண்டால் சும்மா விடுவாரா? சுத்தம் செய்து, இறுக்கி அடைத்து, மட்டமாகத் தேய்த்து, மேலே எத்தனை கோட் என்று அவருக்கே கணக்கில்லை. பிறந்த அடையாளமே இல்லாத குழந்தையாக இருந்தது அடிச்சட்டம்.

"சார், நம்பர் இல்லன்னா இது கார் இல்ல. இரும்பு" என்றார் பரிசோதகர்.

"ஒரு வாரம் டைம் கொடுங்க. பக்குவமா எடுத்துக் காட்டறேன்."

"இன்னிக்கு சாயங்காலத்தோட கெடு முடியுது சார்."

கூடத்திலிருந்து மாமனார் குரல் கேட்டது: "என்ன மாப்பிள்ளை, வழியில ஏதாவது பஞ்சரா?"

டாக்டர் சுரண்டும் தகட்டை எடுத்தார். வைத்தார். எடுத்தார். எத்தனையோ பேருடைய பல்லை அசராமல் பிடுங்கியவர், தகட்டின் முனையைத் துணியால் துடைத்துக்கொண்டே நின்றார். மனைவி அதை அவர் கையிலிருந்து வாங்கினார்.

"நீங்க வெளியில போய் உக்காருங்க. இத நீங்க பார்க்க வேண்டாம்."

அவர் வாசற்படியில் உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டார். உள்ளே கரகரவென்று சத்தம். பெயிண்ட் சுருள் சுருளாக உதிர்ந்தது. அதன் கீழ் இன்னொரு பெயிண்ட், அதன் கீழ் பிரைமர், அதன் கீழ் பட்டி. கடைசியில் ஓர் எட்டு தலையை நீட்டியது. பரிசோதகர் தாளை வைத்துத் தேய்த்து, வரிசை முழுவதும் வந்ததும், மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். போகும்போது டாக்டரின் தோளைத் தொட்டு, "தைரியமா இருங்க சார்" என்றார்.

அன்று மாலையே டாக்டர் உப்புத்தாளோடு ஷெட்டுக்குள் நுழைந்தார். சுரண்டிய இடம் மட்டும் தனியாகத் தெரிகிறதாம். அந்தப் பக்கம் முழுவதையும் இரும்புவரை எடுத்துவிட்டு முதலிலிருந்து வந்தால்தான் நிறம் சேருமாம்.

மனைவி வாசலை மறித்து நின்றார்.

"நாளைக்கு மெக்கானிக் வர்றார். பாடி ஏறுது."

"ஸ்பேனர் பட்டா கீறல் விழுமே!"

"விழட்டும். இன்னொரு கோட்டுன்னு சொன்னா, அடுத்த சுரண்டல் உங்களுக்குத்தான்."

எஞ்சினும் பாடியும் ஏறின, கூடத்துச் சோபா மறுபடி பின்சீட் ஆனது. ஒவ்வொரு போல்ட்டுக்கும் டாக்டர் துணி சுற்றிக் கொடுத்துக்கொண்டே இருந்தார். மெக்கானிக் அதைப் பிரித்து முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகள் ஓட்ட, மாமனார் பக்கத்தில் உட்கார, டாக்டர் பின்னால் அமர்ந்து ஒவ்வொரு பள்ளத்துக்கும் "ஐயோ" சொல்ல, கார் ஏரிக்கரை போய்ச் சேர்ந்தது. மாமனார் இறங்கி, மங்கிய கண்ணோடு தண்ணீரைப் பார்த்து நெடுநேரம் நின்றார். "நல்லா ஓட்டுறம்மா" என்றார். மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

டாக்டரைக் காணோம். தேடினால், காருக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. சற்றுத் தள்ளி நடைப்பயிற்சிக்கு வந்த ஒரு பெரியவரை அங்கிருந்தே கூப்பிட்டுக்கொண்டிருந்தார்: "சார், ஒரு நிமிஷம் படுத்துப் பாருங்க சார்!"

பெரியவர் சுற்றும் முற்றும் பார்த்தார். படுத்தார். அப்புறம் நான்கு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. "பிரஷ்லயா அடிச்சீங்க? கோடே தெரியலையே!" என்று ஒரு குரல் பக்தியோடு கேட்டது. இருட்டும்வரை இருவரையும் வெளியே இழுக்க முடியவில்லை.

இவ்வளவையும் சிரித்துக்கொண்டே படித்துவிட்டீர்கள். நல்லது. ஒரே ஒரு கேள்வி. நம்பர்மேல் பட்டி வைத்துவிட்டார் என்று தெரிந்தபோது, "அடடா, அந்த இடத்தில் முதலிலேயே டேப் ஒட்டியிருக்கலாமே" என்று உங்கள் மனம் பதறியதா? பதறவில்லை என்றால் நீங்கள் பிழைத்தீர்கள். பதறியது மட்டுமல்ல, "டேப் ஒட்டினால் ஓரத்தில் பிசிர் நிற்குமே, லேசாக கிரீஸ் தடவுவதுதான் முறை" என்று அதற்கு நீங்களே திருத்தமும் சொன்னீர்கள் என்றால், வீட்டில் இருப்பவர்களைக் கூப்பிட்டு விஷயத்தைப் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.

அவர்களுக்கு எப்போதோ தெரியும்.