சோலார் தகட்டுக்குப் பிடித்த தோஷம்

சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தது. ஆனாலும் பள்ளிக்கூட வாசலில் நிற்க இடமில்லை. வேன் பிடித்து வந்தவர்கள், உப்பளத்து வேலையைப் பாதியில் விட்டு வந்தவர்கள் என்று ஐந்து ஊர்ச் சனம். மாடியில் இருந்த சோலார் தகடுகளுக்குத் தோஷம் பிடித்துவிட்டதாம். அதைக் கழிக்கச் சூரியானந்த சுவாமிகள் எழுந்தருளியிருந்தார். போன வருஷம் வரை பாண்டியில் பழைய பேட்டரி விற்ற காசிலிங்கம்தான் அவர். பேட்டரி செத்தால் சனங்கள் திருப்பிக் கொண்டுவந்து சண்டை போடுவார்கள். அருள் வியாபாரத்தில் அந்தத் தொல்லை இல்லை.

ஊராட்சித் தலைவி அமுதவல்லிக்கு வயிறு எரிந்தது. மரக்காணத்தைச் சுற்றியுள்ள ஐந்து ஊராட்சிகளையும் சேர்த்து, பொதுக் கட்டடங்களுக்கெல்லாம் ஒரே டெண்டரில் சோலார் வாங்க நாயாய் அலைந்தவள் அவள். சேர்ந்து வாங்கினால்தான் விலை கட்டுப்படியாகும். தனியாகப் போனால் அவள் ஊர்ச் சுகாதார நிலையத்துக்கு ஒரு தகடுகூடக் கிடைக்காது. போன மழையில் கரண்ட் போய், நர்ஸ் செல்போன் வெளிச்சத்தில் பிரசவம் பார்த்தாள். அந்தப் பிள்ளை பிழைத்துவிட்டது. அடுத்த பிள்ளைக்கு யார் பொறுப்பு?

மாதிரிக்குப் பள்ளிக்கூடத்தின் இரண்டு கட்டடங்களிலும் தகடு போட்டுப் பார்த்தார்கள். மழைக்காலம் முடிந்ததும் மின்சாரம் குறைய ஆரம்பித்தது. சூரியனைக் கட்டிப்போட்டுக் கறந்தால் கோபம் வராதா என்றார் சுவாமிகள். மாடியேறி மந்திரம் சொன்னார், குடம் குடமாக அபிஷேகம் செய்தார், பட்டுத்துணியால் துடைத்தார். உற்பத்தியைக் காட்டும் மீட்டர் எகிறியது. ஊர் கன்னத்தில் போட்டுக்கொண்டது. அடுத்த மாதமே தோஷம் திரும்பி வந்தது. இப்போது சுவாமிகள் கேட்பது ஒன்றுதான். ஐந்து ஊர்க் கட்டடங்களுக்கும் மாதாமாதம் தட்சணை வாங்கி அபிஷேகம் செய்யும் உரிமை, இருபத்தைந்து வருஷத்துக்கு, டெண்டரிலேயே எழுதித் தர வேண்டும். தகட்டின் ஆயுளும் அவ்வளவுதான். வேதம் படித்தாரோ இல்லையோ, கேரண்டி கார்டை நன்றாகவே படித்திருந்தார்.

"அத எழுதலன்னா நாங்க நாலு ஊரும் கையெழுத்து போட மாட்டோம்மா," என்றாள் பக்கத்து ஊர்த் தலைவி ராசம்மாள்.

"எழுதிடலாம்க்கா. அதுக்கு முன்னாடி ஒரு சின்ன சோதனை. சாமி கெழக்கு கட்டடத்துல மந்திரம் மட்டும் சொல்லட்டும். நான் மேக்கு கட்டடத்துல தண்ணி மட்டும் ஊத்துறேன்."

கூட்டத்துக்கு முன்னால் சுவாமிகளால் மறுக்க முடியவில்லை. கிழக்கே ஏறித் தொண்டை கட்டும்வரை ஓதினார். மேற்கே அமுதவல்லி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, பழைய வேட்டித் துணியால் தேய்த்துக் கழுவினாள். அவள் முணுமுணுத்ததெல்லாம் காசிலிங்கத்தைத் திட்டிய திட்டுதான்.

சனம் முண்டியடித்து மீட்டர்களைப் பார்த்தது. மேற்கே எகிறியிருந்தது. கிழக்கே அசையவில்லை.

"தீர்த்தம் இல்லாம மந்திரம் பலிக்காதும்மா," என்று இழுத்தார் சுவாமிகள்.

"மந்திரம் இல்லாம தண்ணி பலிக்குதே சாமி," என்றாள் அமுதவல்லி.

உப்பளத் தொழிலாளி பாவாடை கிழக்கு மாடிக்கு ஏறினார். கழுவாத தகட்டில் விரலைத் தேய்த்து நாக்கில் வைத்தார்.

"உப்புப்பா. நம்ம ஊரு உப்பு."

கடற்காற்று கொண்டுவந்து பூசிவிட்டுப் போன உப்பு. ஜன்னல் கம்பியிலும் சைக்கிள் செயினிலும் தினமும் அதைத் துடைக்கிற ஊர்தான் இது. அதே உப்பு மாடியில் படிந்தால் தெய்வக் குற்றமாம். முதலில் ஒருவர் சிரித்தார், பிறகு வாசலே சிரித்தது. சுவாமிகள் படியிறங்கி நழுவப் பார்த்தார்.

"எங்க போற காசிலிங்கம்? கெழக்கையும் கழுவிட்டு போ. பட்டுத்துணி கையிலதான இருக்குது," என்றார் பாவாடை.

கழுவினார். மீட்டர் ஏறியது. இந்த முறை யாரும் கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை.

ஐந்து ஊரும் கையெழுத்துப் போட்டன. அபிஷேகம் போய், கட்டடத்துக்கு ஒரு பக்கெட்டும் துணியும் டெண்டரில் ஏறின. பேனாவை மூடிய ராசம்மாள் மெதுவாகக் கேட்டாள்:

"அந்த பக்கெட்ட எந்த திசையில வெச்சா நல்லதும்மா?"

"கொழா எந்த பக்கம் இருக்குதோ அந்த பக்கம் வெய்யிங்க. இனிமே சாமியார கேக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ சொந்த மூளைய கேளுங்கக்கா. அது தட்சணை கேக்காது."