ஆறு மணிக்குக் கொதிக்கும் தீர்த்தம்

அந்தமானின் சௌல்தாரியில் தண்ணீர் தீயில்லாமல் கொதித்தது.

நம்பாதவர்கள் நேரில் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று ஜெகநாத சுவாமிகளே சொல்லியிருந்தார். நம்பாதவர்கள் யாரும் வரவில்லை. நம்பியவர்கள்தான் வந்தார்கள். வண்டூரிலிருந்து மீன்காரர்கள் வந்தார்கள். சாத்தம் மரமில்லில் ஷிப்டு முடித்தவர்கள் குளிக்கக்கூட நேரமில்லாமல், தலையில் மரத்தூளோடு லாரி பிடித்து வந்தார்கள்.

சுவாமிகளின் குடிசைக்குள் விறகு இல்லை, கரி இல்லை, மண்ணெண்ணெய் வாடை இல்லை. ஒரு செங்கல் மேடை. அதன்மேல் மெல்லிய மணல். மணல்மேல் ஒரு செப்புச் சொம்பு. மாலை ஆறு மணிக்குச் சுவாமிகள் கண்ணை மூடுவார். கால்மணி நேரத்தில் சொம்பு முணுமுணுக்கும். இன்னும் கொஞ்ச நேரத்தில் தளதளவென்று கொதிக்கும். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். ஒரு கரண்டித் தீர்த்தத்துக்கு ஒரு தேங்காய். பாட்டில் நிறைய வேண்டுமென்றால் கோழி. சுவாமிகள் சைவம்தான். கோழிகள் எங்கே போயின என்பது அம்பாளுக்கே வெளிச்சம்.

ஆறு மணிக்கு முன்னால் அம்பாள் இறங்க மாட்டாளாம். காலையில் வந்தவர்கள் காத்துக் கிடக்க வேண்டியதுதான். அரசாங்க ஆபீசுக்கு நேரம் இருக்கும்போது அம்பாளுக்கு இருக்கக் கூடாதா?

இந்தக் கூட்டத்தால் அதிகம் பிழைத்தவள் செல்லம். தமிழர் கலா மன்றத்துக்கும் சுவாமிகளின் குடிசைக்கும் நடுவில் இருந்தது அவளுடைய டீக்கடை. நாளைக்கு முப்பது டீ விற்ற கடையில் நூறு டீ விற்றது. ஆகவே சுவாமிமேல் அவளுக்குக் கோபம் கிடையாது. பொறாமைதான் இருந்தது. அந்தமான் மழை எட்டு மாதம் பெய்யும். நனைந்த விறகை ஊதி ஊதி அவள் கண்ணெல்லாம் கோவைப்பழம். பக்கத்துக் குடிசையில் அம்பாள் ஒரு சுள்ளிகூட இல்லாமல் கொதிக்க வைக்கிறாள்!

ஒருநாள் கெட்டிலைத் தூக்கிக்கொண்டு போய் நேராகக் கேட்டேவிட்டாள்.

"சாமி, சொம்பு எறக்குனதும் அந்த மணல்மேல எங் கெட்டில ஒரு பத்து நிமிசம் வச்சுக்கிறட்டா? அம்பாளுக்கு ஒண்ணும் கொறஞ்சிறாதுல்ல?"

சுவாமிகளின் முகம் கறுத்தது.

"மேடையைத் தொட்டா கண்ணு போயிரும். ஹட்டோ, தள்ளிப் போ!"

விறகு மிச்சம் பிடிக்கப் போனவள் பகையைச் சம்பாதித்துக்கொண்டு திரும்பினாள். அன்றைக்கு அது அவளுக்குத் தெரியவில்லை.

இனி மெஷின் கதை.

மன்றத்தின் தலைவர் பக்தவத்சலம், ரோடு போடும் கான்டிராக்டர். மெட்ராஸிலிருந்து கப்பலில் ஒரு சினிமா மெஷின் வரவழைத்திருந்தார். ஆயிரம் வாட் விளக்கு, பத்து வால்வு ஒலிபெருக்கி. கூடவே கரண்ட் கொடுக்க ஒரு டீசல் இன்ஜின். ஊரில் கரண்ட் என்று ஒன்று உண்டென்றால் அது அந்த இன்ஜின்தான். தினமும் ஆறு மணிக்குத் தொடங்கி, படம் முடியும்வரை ஓடும். அதிலிருந்து செல்லம் கடைக்குப் பெருந்தன்மையாக ஒரு பல்பு கொடுத்திருந்தார் தலைவர். சுவாமிகள் வந்ததும் அவர் குடிசைக்கும் ஒரு பல்பு. சுவாமிகளுக்குப் போகும் கம்பிக்கு மட்டும் சந்தனம் குங்குமம் வைத்து மாலை போட்டார்.

மெஷின் வந்த புதிதில் பிரமாதமாக ஓடியது. "போர்ட்பிளேர்ல இப்படி ஒண்ணு கெடையாது" என்று தலைவர் மீசையை முறுக்கினார். இரண்டு மாதத்தில் மெஷினுக்கு என்னவோ வந்துவிட்டது. படம் மங்கியது. இழுத்தது. கதாநாயகன் அடிக்க ஓங்கிய கை இறங்குவதற்குள் வில்லன் வெற்றிலை போட்டுத் துப்பிவிட்டு வரலாம். கதாநாயகி காதலனை நினைத்து உருகிப் பாடினால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து கட்டையாக வந்தது. "பாவம், சளி பிடிச்சிருக்கு" என்றார்கள் முன்வரிசைப் பெண்கள்.

ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ஆபரேட்டர் பன்னீர்செல்வம் எண்ணெய் போட்டார். பெல்ட் மாற்றினார். வால்வு ஒவ்வொன்றாகக் கழற்றித் துடைத்து மாட்டினார். "பில்குல் கராப், திரைதான் கெட்டுப் போச்சு" என்றார் வங்காளி மண்டல் பாபு. திரையைத் துவைத்தார்கள். திரை வெளுத்தது, படம் வெளுக்கவில்லை. மெட்ராஸ் ஏஜெண்டுக்குக் கடிதம் போட்டார்கள். கப்பலில் போய்க் கப்பலில் வந்த பதில், "இவ்வளவு சக்தியுள்ள மெஷினுக்குக் கோளாறு வர வாய்ப்பே இல்லை" என்றது. அதையும் படித்துப் பெருமைப்பட்டார் தலைவர்.

கடைசியில் சுவாமிகளையே கூப்பிட்டார்கள்.

படம் ஓடிக்கொண்டிருந்தபோதே வந்தார். கையில் தீர்த்தச் சொம்பு. மெஷினைச் சுற்றித் தெளித்தார். என்ன ஆச்சரியம்! கதாநாயகிக்குச் சளி விட்டது. வில்லன் வெற்றிலையைத் துப்புமுன்னே அடி வாங்கினான். ஊர் விசில் அடித்தது. சுவாமிகள் குடிசைக்குத் திரும்பினார். சற்று நேரத்தில் படம் மறுபடியும் இழுத்தது.

"பாத்தீங்களா, சாமி இருந்தா ஓடுது, போனா நிக்குது!" என்று மெய்சிலிர்த்தார் தலைவர். சரியாகத்தான் பார்த்தார். பார்த்ததை யோசிக்கத்தான் மறந்துவிட்டார்.

அன்றிலிருந்து மெஷினுக்கு வேளாவேளைக்குத் தீர்த்தம். வால்வுக்கு ஒரு தாயத்து, இன்ஜினுக்கு ஒரு தாயத்து. விளக்குப் பெட்டியில் கட்டிய தாயத்து சூட்டில் கருகி நாறியது. பேய் வெளியேறும் நாற்றம் என்றார்கள்.

மூன்றாவது வாரம் சுவாமிகள் பேயின் பெயரையே சொல்லிவிட்டார்.

"தங்கையா."

தங்கையா செல்லத்தின் புருஷன். இரண்டு வருஷத்துக்கு முன்னால், லாரியில் மரம் ஏற்றும்போது கட்டை சரிந்து போய்ச் சேர்ந்தவன். அவன் ஆவி மெஷினுக்குள் குந்தியிருக்கிறதாம். பெண்டாட்டி கடை பக்கத்திலேயே இருப்பதால் இடத்தை விட்டு நகர மாட்டேன் என்கிறதாம். வெள்ளிக்கிழமைக்குள் கடையைப் பிரித்துவிட வேண்டும். அந்த இடத்தில் சுவாமிகளே ஆசிரமம் கட்டிக் காவல் இருப்பார்.

கடைக்குப் பலகை அறுத்து ஆணி அடித்தது தங்கையாவின் கை. ஒரு பலகையில் அவன் அளவுக்குக் கிழித்த பென்சில் கோடு இன்னும் அழியவில்லை. செல்லத்துக்குக் கோபம் வந்தது. அழுகையும் வந்தது. அழுதுகொண்டே கேட்டாள்.

"உசுரோட இருக்கும்போது படத்துக்குக் கூட்டிட்டுப் போனா பத்தாவது நிமிசம் குறட்டை விடுவாரு அந்த மனுசன். செத்தப்புறமா தெனம் ரெண்டரை மணி நேரம் கண்ணு முழிச்சுப் படம் பாக்குறாரு?"

சிரிக்க வேண்டிய கேள்வி. ஒருவரும் சிரிக்கவில்லை. தினமும் அவளிடம் கடன் சொல்லியாவது டீ குடித்தவர்கள் அன்றைக்கு டீயே குடிக்காமல் போனார்கள். பேய் வீட்டு டீ!

காலியான பெஞ்சைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள் செல்லம். ஊர் முழுவதும் மன்றத்துக்குள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. வெளியே இருந்தவள் அவள் ஒருத்திதான். அவளுக்குப் பார்க்க இருந்தது தலைக்கு மேலே தொங்கிய அந்த ஒற்றைப் பல்பு மட்டும்.

பல்பு பழுத்த எலுமிச்சை நிறத்தில் மங்கி எரிந்தது. சுவாமிகள் சொம்போடு குடிசையை விட்டு இறங்கினார். பல்பு பளிச்சென்று ஆனது. மன்றத்துக்குள் கைதட்டல். சுவாமிகள் திரும்பிக் குடிசைக்குள் நுழைந்தார். பல்பு மங்கியது. மன்றத்துக்குள் கதாநாயகிக்குச் சளி.

மறுநாளும் பார்த்தாள். அதற்கு மறுநாளும் பார்த்தாள். மூன்றாம் நாள், போன மாதம் நடந்தது ஒன்று நினைவுக்கு வந்தது. கப்பல் தாமதமாகி, டீசல் இல்லாமல் மூன்று நாள் இன்ஜின் ஓடவில்லை. அந்த மூன்று நாளும் சுவாமிகள் மௌன விரதம். சொம்பு கொதிக்கவில்லை.

செல்லம் அரிசி களைகிற மாதிரி நெஞ்சுக்குள் அதைப் போட்டு அரித்துக்கொண்டே இருந்தாள். பிறகு பன்னீர்செல்வத்திடம் போனாள்.

"அண்ணே, மெஷினு வந்து ரெண்டு மாசம் நல்லா ஓடுச்சு. அப்புறம் சாமி வந்தாரு. அப்புறந்தான மெஷினு கெட்டுச்சு?"

பன்னீர்செல்வம் கழுத்திலிருந்த மூன்று தாயத்தையும் பிடித்துக்கொண்டார். "சும்மா இரு தங்கச்சி. சாமி விசயம்."

"சாமி விசயம் வேணாம். இன்ஜின் விசயம் சொல்லுங்க. ஒரு கொழாயில ரெண்டு பேரு கொடம் வச்சா தண்ணி என்னாகும்?"

"சன்னமா வரும்."

"ஒருத்தரு வச்சது அண்டாவா இருந்தா?"

பன்னீர்செல்வத்தின் கை தாயத்திலிருந்து இறங்கியது.

வியாழக்கிழமை மாலை. அந்தமானில் ஐந்தரைக்கே இருட்டிவிடும். ஆறு மணிக்கு இன்ஜின் தடதடத்தது. சொம்பு கொதித்தது. குடிசை வாசலில் தேங்காயும் கோழியுமாக நூறு பேர். முன்னால் தலைவர் பக்தவத்சலம், கடையைப் பிரிக்கக் கடப்பாரையோடு நாலு ஆட்கள்.

செல்லம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"தலைவரே, எங் கடைய நானே பிரிச்சுக்கிறேன். ஆணி ஒண்ணு விடாமப் புடுங்கிக்கிறேன். ஒரே ஒரு வேண்டுதல் இருக்கு."

"சொல்லும்மா."

"பேய் இருக்குறது இன்ஜின் பக்கம். அம்பாள் இருக்குறது இந்தச் சொம்புல. ரெண்டுக்கும் ஒட்டும் இல்ல, ஒறவும் இல்ல. இன்ஜின பந்த் பண்ணச் சொல்லுங்க. சொம்பு பாட்டுக்குக் கொதிச்சுக்கிட்டே இருந்தா, நாளைக்கு வரைக்கும் எதுக்கு, இப்பவே கடையப் பிரிக்கிறேன்."

சுவாமிகள் துள்ளி எழுந்தார். "அம்பாளைச் சோதிக்கக் கூடாது!"

"அம்பாளை யாரு சாமி சோதிக்கிறா? நான் இன்ஜினைத்தான் சோதிக்கிறேன்."

தலைவருக்கு இதில் தப்பு எதுவும் தெரியவில்லை. அம்பாள் ஜெயிப்பாள் என்பதில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. "பன்னீரு, பந்த் கரோ!" என்று குரல் கொடுத்தார்.

இன்ஜின் கொட்டகை வாசலில் பன்னீர்செல்வம் தயங்கி நின்றார். சுவாமிகள் அவரை முறைத்தார். செல்லமும் பார்த்தாள், முறைக்கவில்லை, பார்த்தாள். பன்னீர்செல்வம் உள்ளே போனார். தடதடப்பு நின்றது. பல்புகள் அணைந்தன. யாரோ அரிக்கேன் விளக்கைத் தூக்கிப் பிடித்தார்கள்.

நூறு பேர் ஒரு சொம்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தளதளப்பு முணுமுணுப்பாயிற்று. முணுமுணுப்பு ஓய்ந்தது. ஒரு கோழி மட்டும் கொக்கரித்தது.

"அம்பாள் கோவிச்சுக்கிட்டா!" என்றார் சுவாமிகள்.

"சமாதானம் பண்ணிரலாம் சாமி" என்றாள் செல்லம். "அண்ணே, சாலு! ஓட்டுங்க!"

இன்ஜின் தடதடத்தது. கொஞ்ச நேரத்தில் சொம்பு முணுமுணுத்தது.

"பந்த்!"

அடங்கியது.

மூன்றாவது தடவை செல்லம் வாயைத் திறக்க வேண்டியிருக்கவில்லை. வாசலில் நின்ற குழந்தைகளே கத்தின: "அம்பாள் சாலு! அம்பாள் பந்த்!"

தலைவர் பக்தவத்சலத்தின் முகம் பார்க்கப் பாவமாக இருந்தது. இன்ஜின் நின்றிருக்கும்போதே முன்னால் போனார். கண் போகும் என்ற மேடையில் கடப்பாரை நுனியை விட்டு மணலைக் கிளறினார். கண் போகவில்லை. திறந்துதான் கொண்டது. உள்ளே சுருள் சுருளாகக் கம்பி வைத்த கரண்ட் அடுப்பு. அதிலிருந்து கிளம்பிய வயர் மேடைக்குள் புகுந்து, சுவர் ஏறி, வெளியே போய், சந்தனம் குங்குமம் வைத்து மாலை போட்ட கம்பியில் சேர்ந்திருந்தது.

பத்துப் பல்பின் கரண்டை ஒரு சொம்பு குடித்தால் மெஷின் இழுக்காமல் என்ன செய்யும்? சொம்பை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது சுவாமிகள் அடுப்பை அணைத்துவிட்டு வருவார். மெஷின் பிழைத்துக்கொள்ளும். நோயும் அவரே, மருந்தும் அவரே. மெட்ராஸில் எலக்ட்ரிக் கடையில் பொட்டலம் மடித்தவர் என்பது, கடப்பாரையை இன்னும் கொஞ்சம் அருகில் காட்டியதும் அவர் வாயாலேயே வந்தது. ஆனாலும் ஆள் லேசுப்பட்டவர் அல்ல.

"மின்சாரமும் அம்பாள்தானே?" என்றார்.

தலைவரின் தலை பாதி ஆடிவிட்டது. செல்லம் பார்த்த பார்வையில் மீதி நின்றது.

அன்று படம் இழுக்கவே இல்லை. கதாநாயகி சொந்தக் குரலில் பாடினாள். செல்லம் கடைப் பல்பு வெள்ளைவெளேரென்று எரிந்தது. பெஞ்சு நிறைய ஆட்கள், தலையைக் குனிந்துகொண்டு டீ குடித்தார்கள். "ஒனக்குத்தான் படமே பிடிக்காதே, அநியாயமா ஒம் பேரக் கெடுத்தானுகளே" என்று பென்சில் கோட்டைத் தடவியபடி சொன்னாள் செல்லம்.

அடுத்த கப்பலில் படப் பெட்டியோடு சுவாமிகளையும் ஏற்றி அனுப்பினார்கள். பெட்டிக்கு மட்டும் ரசீது கேட்டு வாங்கினார்கள்.

மறுவாரம் பக்தவத்சலம் தயங்கித் தயங்கிக் கடைக்கு வந்தார். கையில் துணியில் சுற்றிய அந்தக் கரண்ட் அடுப்பு.

"தங்கச்சி, இதைத் தூக்கிப் போட மனசு வரல. எத்தனை பேர் கும்பிட்ட பொருளு! மன்றத்துல கண்ணாடிப் பெட்டியில வச்சு, சின்னதா ஒரு வெளக்கு..."

செல்லம் ஊதுகுழலைக் கீழே வைத்தாள். புகையில் எரிந்த கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"வைங்க தலைவரே, நல்லா வைங்க. அதுக்குக் கீழ பெருசா ஒரு போர்டும் எழுதி வைங்க: கும்புடுறதுக்கு முன்னாடி கம்பி எங்க போகுதுன்னு பாரு!"