இருளம்மாள் சிமிழின் அரசாங்க மதிப்பு

மனிதருக்கு மதிப்பு உண்டோ இல்லையோ, பொருளுக்கு உண்டு என்பதில் நமது அரசாங்கத்துக்கு அசையாத நம்பிக்கை. அந்த மதிப்பையும் அதுதான் போட வேண்டும்.

நாரணாபுரம் பக்கம் எங்கள் காலனி. இருளம்மாள் பட்டாசுக் கம்பெனியில் திரி வைக்கிறவள். கம்பெனி பூட்டிக் கிடந்த மாதத்தில், சிவகாசியில் பழைய பங்களா ஒன்றை இடிக்கும் வேலைக்குப் போனாள். பாதிக் கூலிக்குப் பதிலாக மேஸ்திரி ஒரு பீங்கான் சிமிழைக் கையில் திணித்துவிட்டான். உள்ளங்கை அளவுதான். மூடியில் குடை பிடித்த வெள்ளைக்காரச்சி, விளிம்பில் தங்கக் கோடு.

இப்போது முதலாளி வீடுகளில் பழசுதான் பேஷன். புது வீடு கட்டி, அடுத்தவன் வீட்டுப் பழசைக் கண்ணாடி அலமாரியில் வைக்க வேண்டும். சொந்தப் பழசைக் காயலான் கடைக்குப் போட்டுவிட வேண்டும். பட்டாசுக் கம்பெனி முதலாளி மனைவி லட்சுமிகாந்தம், இருளம்மாள் கொண்டுபோய்க் காட்டிய சிமிழைக் கன்னத்தில் வைத்துக் கொஞ்சினார்.

“நூறு வருசத்துச் சாமான்னு கவருமெண்டு சர்டிபிகேட் வாங்கிட்டு வா இருளம்மா. கக்கூஸ் கட்டப் பணம் வேணும்னு சொன்னீல்ல, அம்புட்டையும் தாரேன்.”

இருளம்மாளுக்கு அது போதும். வயசுக்கு வந்த மகள் எழில் இருட்டோடு கருவேலங்காட்டுக்கு ஓடுவது நிற்க வேண்டும். கழிப்பறை மானியம் கேட்டு அவள் கொடுத்த மனுக்கள் பரிசீலனையில் இருந்தன. பரிசீலனை என்பது மனுக்கள் நிம்மதியாகத் தூங்கும் இடம்.

பழம்பொருள் மதிப்பீட்டுச் சிறப்பு முகாமில் அலுவலர் சரவணக்குமார் சிமிழைத் தட்டிப் பார்த்தார். விலைப்பட்டியலைப் புரட்டினார்.

“பீங்கான் ஒரே இடத்துலதாம்மா இருக்கு. கழிப்பறைக் கோப்பை.”

“இது குங்குமச் சிமிளுங்கய்யா.”

“சிமிழ்னு பட்டியல்ல இல்லையே. இல்லாததுக்கு நான் எப்படி மதிப்பு போட முடியும்? இது பீங்கான். குழியா இருக்கு. மூடியும் இருக்கு. வேற என்ன வேணும்?”

“இதுல எப்பிடிங்கய்யா உக்காருறது?”

“உட்கார முடியுமான்னு பட்டியல் கேக்கலை.”

“நூறு வருசம் பளசுன்னாவது எளுதுங்க.”

எழுதினார். ‘மேற்படி பயனாளியின் இல்லத்தில், மூடியுடன் கூடிய பீங்கான் கழிப்பறை ஒன்று நெடுங்காலமாக நல்ல நிலையில் உள்ளது எனச் சான்றளிக்கப்படுகிறது.’ முத்திரை மட்டும் அழகாக விழுந்திருந்தது.

லட்சுமிகாந்தம் அதை வாசித்தார். சிமிழைக் கீழே வைத்தார். சோப்புப் போட்டுக் கை கழுவினார், கன்னத்தையும் கழுவினார்.

“இதையா என் ஷோகேஸ்ல வைக்கச் சொல்லுத?”

“நேத்துப் பாத்த அதே சிமிளுதாம்மா!”

“நேத்து இது என்னன்னு எனக்குத் தெரியாதே!”

அத்தோடு தூங்கிய மனுக்களும் விழித்துக்கொண்டன. கழிப்பறை உள்ளவருக்கு மானியம் கிடையாது என்று நிராகரிக்கப்பட்டன. காலனியில் கழிப்பறை இல்லாத ஒரே வீடு அவளுடையதுதான். மற்ற வீடுகளில் அரசாங்கம் கட்டிக் கொடுத்தது இருந்தது. அதில் நாங்கள் விறகு அடுக்கி, ஆட்டுக்குட்டி கட்டியிருந்தோம். இப்போது இருளம்மாள் வீட்டுக்கும் சான்றிதழ் இருந்தது. ஆகவே முழுச் சுகாதாரக் குடியிருப்பு என்று எங்களுக்கு விருது கிடைத்தது.

விழாவுக்குப் பெரிய அதிகாரி வந்தார். வாலாச் சரம் வெடித்தோம். ஆட்டுக்கறி விருந்து போட்டோம். கடைசிப் பயனாளி என்று அதிகாரி இருளம்மாளுக்குப் பொன்னாடை போர்த்தினார். நாங்கள் கை சிவக்கத் தட்டினோம். அப்போது கறி அதிகாரியின் வயிற்றில் தன் வேலையைக் காட்டத் தொடங்கியது.

“அம்மா, ரொம்ப அவசரம். உங்க வீட்டுக் கழிப்பறை எங்கே?”

இருளம்மாள் உள்ளே போய்ச் சிமிழை எடுத்து வந்தாள். மூடியைத் திறந்து, மரியாதையாக இரண்டு கையாலும் நீட்டினாள்.

“இந்தாங்கய்யா. சர்டிபிகேட்டும் இருக்கு.”

அதிகாரி சரவணக்குமாரைப் பார்த்தார். சரவணக்குமார் வானத்தைப் பார்த்தார். எங்கள் வீட்டுக்குக் கூப்பிடலாம்தான். ஆனால் விறகை யார் இறக்குவது? எல்லோரும் ஒன்றாகக் கருவேலங்காட்டுப் பக்கம் கையைக் காட்டினோம். அவர் நாங்கள் போர்த்திய பொன்னாடையைப் பிடித்துக்கொண்டு ஓடினார்.

மறுநாள் அந்தக் காட்டின் முகப்பில், திறந்தவெளியில் மலம் கழித்தால் அபராதம் என்று பலகை நட்டார்கள். வீட்டில் கழிப்பறை இருந்தும் வெளியே வந்த குற்றத்துக்காக முதலில் பிடிபட்டவள் எழில்.

வீட்டில் கழிப்பறை இருப்பது உண்மைதானா என்று விசாரித்தார்கள். இல்லை என்றால் விருது போய்விடுமே. உண்மைதான் என்று நாங்கள் எல்லோரும் சாட்சிக் கையெழுத்துப் போட்டோம்.