நிழலுக்காகக் காய்த்த மரம்

சப்போட்டா மரத்தை வெட்டப் போவதாக என் மனைவி அறிவித்தபோது நான் அந்த மரத்தின் கீழேதான் சாய்ந்திருந்தேன். சாய்வு நாற்காலி என்னுடையது. மரமும் ஏறக்குறைய என்னுடையது. தோட்டத்தில் மற்றதெல்லாம் அவளுடையது என்று வைத்துக்கொள்ளலாம்.

"அடுத்த வாரம் ஆளை வரச் சொல்லப் போறேன்" என்றாள். கையில் மண்வெட்டி இருந்தது. அவள் கையில் மண்வெட்டி இருக்கும்போது நான் பொதுவாக எதிர்த்துப் பேசுவதில்லை.

"எந்த ஆளை?"

"மரம் வெட்டற ஆளை."

"எந்த மரத்தை?"

"காய்க்காததை. இந்தத் தோட்டத்துல எதுக்கும் உதவாம நிழல்ல இருக்கறது ரெண்டு. ஒண்ணை வெட்ட முடியாது. இன்னொண்ணை வெட்டலாம்."

நான் எழுந்து உட்கார்ந்தேன். இது சாய்ந்துகொண்டு பேசுகிற விஷயமில்லை.

எங்களுடையது சின்னத் தோட்டம். வீட்டுக்குப் பின்னால் ஒரு பக்கம் கொய்யா, ஒரு பக்கம் சப்போட்டா. அவளும் நானுமாகத்தான் நட்டோம். பிறகு அவள் தண்ணீர் பாய்ச்சினாள், உரம் வைத்தாள், காய் பறித்தாள், கூடை கட்டி வண்டியில் ஏற்றிச் சந்தைக்குப் போனாள். நான் மேற்பார்வை. மேற்பார்வையை நின்றுகொண்டுதான் செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லவில்லையே.

வெட்டப்படவிருந்த மரம் வரிசையில் நட்டதல்ல. எப்போதோ சாப்பிட்டுத் துப்பிய விதை, சமையலறைக் கதவுக்கு நேரே தானாக முளைத்து, தானாக வளர்ந்து, வீட்டுக் கூரையைத் தாண்டிவிட்டது. ஒரு பிஞ்சுகூட விட்டதில்லை. ஆனால் நிழல்! அந்த மாதிரி ஒரு நிழலை நான் வேறெங்கும் கண்டதில்லை. மத்தியான வெயில் அங்கே வந்து என்னைத் தேடிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடும்.

சிக்கல் என்னவென்றால், அந்த நிழல் பக்கத்தில் இருந்த எலுமிச்சைக் கன்றுகள் மேலும் விழுந்தது. அவள் ஆசையாக வாங்கி நட்ட ஒட்டுக்கன்றுகள். வெளிறிப்போய், காய்ச்சலில் கிடந்து எழுந்த பிள்ளைகள் மாதிரி நின்றன.

"மூணு வருஷமா ரெண்டு கிளை கேட்டேன். அந்தப் பக்கத்துக் கிளை ரெண்டை மட்டும் கழிச்சா என் கன்னு பிழைச்சுக்கும்னு கெஞ்சினேன். தரலை. இப்ப மரமே போகட்டும்."

"கிளையை வெட்டினா வெயில் உள்ள வரும்மா."

"வரணும்னுதான் கேட்டேன்."

அப்போதே இரண்டு கிளையைக் கொடுத்துத் தொலைத்திருக்கலாம். இப்போது தெரிகிறது. அப்போது எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

"சரி. இந்த மரம் காய்ச்சா?"

"காய்ச்சாத்தானே."

"காய்ச்சா என்ன பண்ணுவே? அதைச் சொல்லு."

அவள் மரத்தை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தாள். என்னையும் அதே மாதிரி பார்த்தாள்.

"காய்ச்சா, காய்க்கிற மரத்துக்கு இந்தத் தோட்டத்துல என்ன மரியாதையோ அதை முழுசா கொடுப்பேன். போதுமா?"

போதும் என்றேன். அந்த மரியாதை என்னவென்று கேட்டிருக்க வேண்டும். அந்தத் தோட்டத்தில் இத்தனை காலம் இருந்தவன், கேட்காமலே தெரிந்திருக்க வேண்டும்.

நிழலுக்காக மட்டும் அந்த மரத்தைக் காப்பாற்ற நினைத்தேன் என்று எண்ணிவிடாதீர்கள். ஆரம்பத்தில் அங்கே இரண்டு நாற்காலிகள் இருந்தன. மரம் அப்போது எங்கள் தலைக்குக் கொஞ்சம் மேலே இருந்தது. சாயங்காலம் அவளும் வந்து உட்காருவாள். அடிபட்ட கொய்யாவை நறுக்கித் தின்றுகொண்டு, இன்னும் எதை எங்கே நடலாம் என்று பேசுவோம். பேசியதையெல்லாம் அவள் நட்டுவிட்டாள். வேலை பெருகியது. அவளுடைய நாற்காலி கூடை வைக்கப் போய்விட்டது. என்னுடையது மட்டும் மிச்சம். அவள் எப்போதாவது திரும்பி வந்து உட்காருவாள் என்று ஒரு நம்பிக்கை எனக்கு. அதற்கு மரம் இருக்க வேண்டுமே.

பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் யோசனை கேட்டேன். வேலிக்கு அந்தப் பக்கம் ரம்பத்துக்கு அரம் போட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணே, காய்க்காத சப்போட்டாவை ஒரு வாரத்துல காய்க்க வைக்க முடியுமா?"

"ஒரு வாரத்துல பூக்கவே வைக்க முடியாது தம்பி. பூத்து, பிஞ்சு விட்டு, காய் முத்த மாசக்கணக்காகும். ஏன், வீட்டுல தகராறா?"

"தகராறெல்லாம் இல்லை. சும்மா தெரிஞ்சுக்கலாம்னு."

"சும்மா தெரிஞ்சுக்கறவன் முகம் இப்படியா இருக்கும்?"

திரும்பி வரும் வழியில் சப்போட்டா வரிசையைப் பார்த்தேன். மரம் தாங்காத காய். நம் தோட்டத்துக் காய்தான். ஒரு மரத்தில் இருப்பது இன்னொரு மரத்தில் இருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? இப்படித்தான் அந்த யோசனை பிறந்தது. என் மூளையைப் பற்றி நானே பெருமைப்பட்ட கடைசி நாள் அது.

அவள் சந்தைக்குக் கிளம்பியதும் வேலையை ஆரம்பித்தேன். கெட்டிக் காயாகப் பார்த்துப் பறித்தேன். சணல் நூலை எடுத்துக்கொண்டேன். சப்போட்டாவும் பழுப்பு, சணலும் பழுப்பு. இதையெல்லாம் யோசிக்கத் தெரிந்தவன்தான் நான். ஸ்டூல் போட்டு ஏறி, ஒவ்வொரு காய்க்கும் இடுப்பில் நூல் சுற்றி, கூரான நுனி கிளையைத் தொடுகிற மாதிரி அழகாகக் கட்டித் தொங்கவிட்டேன். செவ்வெறும்பு ஏறிக் கடித்தது. கத்தவில்லை. மணமான நாளிலிருந்து அவ்வளவு வேலை நான் ஒரே நாளில் செய்ததில்லை.

அவள் வந்து வண்டியை நிறுத்தினாள். காலிக் கூடைகளை இறக்கினாள். நான் நாற்காலியில் கண்ணை மூடிக் கிடந்தேன்.

"என்னங்க."

"ம்?"

"மரம் காய்ச்சிருக்கு."

"எந்த மரம்?" என்றேன். கொட்டாவியும் விட்டேன். நடிப்பில் ஒரு குறையும் இல்லை.

அவள் கிட்டே வந்து ஒரு காயை அண்ணாந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். வாயைப் புறங்கையால் மூடிக்கொண்டாள். ஆனந்தம் என்று நினைத்தேன்.

"பூக்கவே இல்லையேங்க."

"நீ பார்த்திருக்க மாட்டே. உனக்கு எப்பவும் வேலை. நான் இங்கயே இருக்கேன், எனக்குத் தெரியும். இலைக்குள்ள ஒளிஞ்சு பூத்துச்சு."

"ஒளிஞ்சு பூத்துச்சா. கூச்சப்படற மரம் போல."

மரம் பிழைத்தது. அன்றைக்கு ஒரு கவளம் அதிகமாகவே சாப்பிட்டேன்.

நான் யோசிக்காத ஒன்று உண்டு. பறித்த காய் பறித்த காய்தான். மரத்தில் கட்டினாலும் கூடையில் வைத்தாலும் அது பழுக்கும். கட்டிய காய்கள் தொளதொளத்து, ஒவ்வொன்றாகத் தலையில் விழ ஆரம்பித்தன. விழுந்ததற்குப் பதில் புதிது கட்ட வேண்டியிருந்தது. என் மத்தியானத் தூக்கம் போயிற்று. அவள் சந்தைக்குப் போன நேரமெல்லாம் நான் ஸ்டூல் மேல்தான் நின்றேன். தோட்டத்திலேயே அதிகம் உழைத்தவன் அந்த நாட்களில் நான்தான். அதை யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியவில்லை.

"நேத்து இந்தக் கிளையில இருந்த காய் இன்னிக்கு அந்தக் கிளையில இருக்கே?" என்றாள் ஒரு நாள்.

"வெயிலுக்கு நகர்ந்திருக்கும்."

"காய் நகருமா?"

"சூரியகாந்தி திரும்பலையா?"

"ஆமாமா. நீங்க சொன்னா சரிதான்."

இவள் என்னிடம் 'நீங்க சொன்னா சரிதான்' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அங்கேயே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

மறுநாள் காலையில் என் நாற்காலி வராந்தாவில் கிடந்தது.

"அங்க யார் எடுத்துப் போட்டது?"

"நான்தான். காய்க்கிற மரத்தடியில ஆள் உட்காரக் கூடாதுங்க. மண்ணு இறுகிப் போகும். வரிசை மரத்தடியில என்னிக்காவது யாரையாவது உட்கார விட்டிருக்கேனா?"

விட்டதில்லைதான். மரியாதை தொடங்கிவிட்டது.

அப்புறம் பாத்தி. காய்க்கிற மரத்தைச் சுற்றி வட்டமாக மண்ணை வெட்டித் தண்ணீர் நிற்க வைக்க வேண்டும். மண்வெட்டியை என் கையில் கொடுத்தாள். நான் படுத்த இடத்தை நானே வெட்டினேன். அப்புறம் எரு. கூடை கூடையாகச் சுமந்து கொட்டினேன். சமையலறைக் கதவைத் திறந்தால் மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

அதன் பிறகு பக்கத்துத் தோட்டத்துக்காரர் ரம்பத்தோடு வந்தார்.

"வாங்கண்ணே" என்றாள் இவள். "கவாத்து பண்ணிடலாமா?"

கவாத்து என்றால் வேண்டாத கிளைகளைக் கழிப்பது. நான் மரத்துக்கும் ரம்பத்துக்கும் நடுவில் போய் நின்றேன்.

"கிளையில காய் இருக்கும்மா. எப்படிக் கழிப்பே?"

"காய் இருக்கற கிளையை யாரு தொடப் போறா? காய்க்காத கிளையைத்தான் எடுக்கப் போறோம். நல்லா பாருங்க. ஸ்டூல் போட்டு எட்டற உயரம் வரைக்கும்தான் காய்ச்சிருக்கு. அதுக்கு மேல ஒண்ணுகூட இல்லை. மேல இருக்கறதெல்லாம் தண்டம்."

"அடடா, பறிக்கத் தோதான மரம் தங்கச்சி இது" என்றார் அவர். "ஏணியே வேண்டாம்." அவருக்கு அதற்குள் இருமல் வந்துவிட்டது. வேலியைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு இருமினார்.

நிழல் மேல் கிளையில்தான் இருந்தது. உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். சொன்னால் மரம் போய்விடும். மூடிக்கொண்டேன். ஒவ்வொரு கிளை விழும்போதும் திறந்தேன், மூடிக்கொண்டேன். என்னைப் பார்த்தவர்கள் தண்ணீர் கேட்கிறான் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

வேலை முடிந்தபோது மரம் என் உயரத்துக்கு இரண்டு முழம் மேலே நின்றது. கொஞ்சம் இலை. கட்டித் தொங்கவிட்ட காய்கள். அவ்வளவு காலமாக என்னைத் தேடிக்கொண்டிருந்த வெயில் நேரே வந்து முகத்தில் உட்கார்ந்தது. எலுமிச்சைக் கன்றுகள் மட்டும் சின்னச் சின்னதாகப் பளபளத்தன.

நான் வெட்டுண்ட கிளைகள் மேல் போய் உட்கார்ந்தேன். உண்மையிலேயே துக்கமாக இருந்தது. யாராவது கேட்டிருந்தால் அழுதிருப்பேன்.

அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கையில் ஒரு அடிபட்ட கொய்யா. நறுக்கிப் பாதியைக் கொடுத்தாள். நாங்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து எவ்வளவு காலமாகிவிட்டது என்று அப்போதுதான் உறைத்தது.

"மரத்தை வெட்டற எண்ணமே எனக்கு இல்லைங்க" என்றாள்.

"பின்னே ஏன் சொன்னே?"

"கிளை கேட்டா தர மாட்டீங்க. மரத்தைக் கேட்டா கிளையையாவது விட்டுக் கொடுப்பீங்கன்னு பார்த்தேன். நீங்க ஒரேயடியா காய்க்க வச்சுட்டீங்க. அப்புறம் நான் என்ன பண்றது?"

நான் கொய்யாவைக் கடித்தேன்.

"ரெண்டு கிளைதான் கேட்டேன். அது போயிருந்தா என் கன்னு பிழைச்சிருக்கும். உங்க நிழலும் பாக்கி இருந்திருக்கும். நானும் ஒரு நாற்காலியை இங்க போட்டுக்கிட்டு, கன்னைப் பார்த்துக்கிட்டே உட்காரலாம்னு நினைச்சிருந்தேன்."

கடித்த கொய்யாவைக் கீழே வைத்தேன். மூன்று வருஷமாக அவள் கேட்டது வெயில் என்றுதான் நினைத்திருந்தேன். நாற்காலிக்கு இடம் கேட்டிருக்கிறாள். என் நிழலை என்னிடமிருந்தே காப்பாற்றப் பார்த்திருக்கிறாள். நான்தான் ஸ்டூல் போட்டு ஏறி, செவ்வெறும்புக் கடி வாங்கி, அதை ஒழித்துக் கட்டியிருக்கிறேன்.

"மறுபடி வளருமா?" என்றேன்.

"வளரும். நாளாகும். அதுவரைக்கும் வராந்தாவுல உட்காரலாம்."

ஒன்றை மட்டும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"முதல் நாளே."

"சணல் நூல் தெரிஞ்சுதா?"

"நூல் சுத்தமா தெரியலைங்க. நல்லாத்தான் மறைச்சிருந்தீங்க." எழுந்து சேலையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினாள். "மூக்குன்னு ஒண்ணு இருக்கு பாருங்க, அந்தக் கூரு, அது சப்போட்டாவுக்கு கீழ இருக்கும். இத்தனை வருஷமா தோட்டத்தை மேற்பார்வை பார்க்கறவர், அத்தனை காயையும் தலைகீழா தொங்க விட்டிருந்தீங்க."