நிலக்கரிக்குள் இருந்து வந்த மூன்று ஓட்டைத் தகடு

மனிதன் தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பே இந்தப் பூமியில் ஒரு பெரிய நாகரிகம் இருந்து, செழித்து, அழிந்தும் போயிருக்கிறது என்று நான் இன்றும் நம்புகிறேன். எங்கள் வீட்டில் இதைச் சத்தமாகச் சொல்ல முடியாது. சொன்னால் என்ன பறந்து வரும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்குப் பயந்து நம்பிக்கையை மாற்றிக்கொள்கிற ஆள் நானில்லை.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. நெய்வேலி சுரங்கத்தில் கான்ட்ராக்ட் ஆள். பழுப்பு நிலக்கரியைச் சுமந்துகொண்டு ஓடும் பெல்ட்டின் ஓரத்தில் நின்று, சிந்துகிற கரியை மண்வெட்டியால் வாரித் திரும்பவும் பெல்ட்டில் போட வேண்டும். (டிப்ளமோ படித்தவன் செய்கிற வேலையா என்று கேட்காதீர்கள். டிப்ளமோக்கள் வரிசையில் நின்று வாங்கிய வேலை அது.) பெர்மனன்ட் லிஸ்ட் அந்த வருடம் வரப்போகிறது என்று டவுன்ஷிப் முழுக்கப் பேச்சு. என் பெயர் அதில் இருக்கும் என்று அப்பா உறுதியாக இருந்தார். ஒரே ஒரு மெமோ வாங்கினால் பெயர் போய்விடும். அதனால் நான் ஷிஃப்டுக்குக் கிளம்பும்போதெல்லாம் வாசல்வரை வந்து சொல்வார்: "எதுலயும் கைவைக்காத. யாரையும் கேள்வி கேக்காத. வாயத் தொறக்காத."

மூன்றையும் ஒரே காலையில், அரைமணி நேரத்துக்குள் செய்து முடித்தேன்.

காரணம் என் போன். சாப்பாட்டு வேளையில் அதில் ஒருவர் வருவார். கறுப்புக் கண்ணாடி, பின்னால் திகில் இசை. "கோடிக்கணக்கான வருடப் பழமையான நிலக்கரிக்குள் யாரோ செய்த ஒரு பொருள் கிடைத்தால், அதைச் செய்தது யார்?" என்று என்னைப் பார்த்துக் கேட்பார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உலகத்தில் எத்தனையோ பேர் அந்த வீடியோவைக் கட்டிலில் படுத்துக்கொண்டு பார்க்கிறார்கள். நான் மட்டும் அந்த நிலக்கரியின் மேலேயே உட்கார்ந்து பார்க்கிறேன்! இது தற்செயலா?

அன்றிலிருந்து ஒவ்வொரு கரிக்கட்டியையும் புரட்டிப் பார்த்த பிறகுதான் பெல்ட்டில் போட்டேன். கூட வேலை செய்த குள்ளஞ்சாவடி குப்புசாமி அண்ணன், "இன்னாடா தம்பி, கரிக்குள்ள பொண்ணு தேடிகினு இருக்கியா?" என்பார். அறியாமையை மன்னித்துவிடுவேன்.

அந்த நாள் வந்தது. கரியை வெட்டுகிற ராட்சதச் சக்கர மெஷின் கொஞ்சம் பின்வாங்கி நின்றிருந்தது. நான் போகக் கூடாத தூரத்துக்கு, வெட்டிய சுவருக்குப் பக்கத்தில் போனேன். அங்கே பார்த்ததை இப்போது நினைத்தாலும் எனக்குப் புல்லரிக்கும். கறுப்புச் சுவரில் மேலிருந்து கீழாக, நூல் பிடித்தது போல ஒரு தூண். தூண் முழுக்கக் கூழாங்கல். அத்தனையும் ஒரே அளவு, யாரோ சலித்துக் கொட்டியது போல. சுற்றிலும் கோடி வருடக் கரி, நடுவில் சலித்த கல். இயற்கையின் கையில் ஏது சல்லடை?

சரிந்து கிடந்த கல்லுக்குள் கையை விட்டுத் துழாவினேன். ஒரு தகடு வந்தது. ஒரு சாணுக்கு மேல் நீளம். களிமண் அப்பி, அப்பளம் போல நெளிந்திருந்தது. அதில் மூன்று ஓட்டைகள், சரியான முக்கோணமாக! ஓர் ஓட்டையில் துருப்பிடித்த சின்னக் கம்பி. கம்பி என்றால் மின்சாரம். மின்சாரம் என்றால் நாகரிகம். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து மெஷின் திரும்பத் தூணை நோக்கி நகர ஆரம்பித்தது. கத்தினேன், கேட்கவில்லை. பெல்ட்டின் ஓரமாக நெடுகிலும் ஒரு கயிறு போகும். புல்கார்டு என்போம். யாராவது பெல்ட்டில் மாட்டிக்கொண்டால் இழுக்க வேண்டிய கயிறு. இழுத்தால் பெல்ட் நிற்கும், பெல்ட் நின்றால் மெஷினும் நிற்கும். ஓடிப்போய் இரண்டு கையாலும் இழுத்தேன்.

சுரங்கமே அமைதியானது. அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால்தான் எனக்கு இன்றும் கூச்சம். யாரோ பெல்ட்டில் சிக்கிவிட்டார்கள் என்று நாலா பக்கமும் இருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். குப்புசாமி அண்ணன் முகமெல்லாம் வெளிறி வந்து, என் இரண்டு கையையும் பிடித்து விரல்களை எண்ணிப் பார்த்தார். பத்தும் இருப்பதைக் கண்ட பிறகுதான் திட்ட ஆரம்பித்தார்.

"எவன் இழுத்தது?" ஷிஃப்ட் இன்ஜினியர் மூச்சு வாங்க வந்து நின்றார்.

தகட்டைத் தலைக்கு மேல் தூக்கினேன். "நான்தான் சார். மனுசனுக்கு முன்னாடி இங்க ஒரு நாகரிகம் இருந்திருக்கு. ஆதாரம் இதோ!" பிறகு மூன்று ஓட்டைகளை விளக்கினேன். அவர்களுக்குக் கைக்கு மூன்று விரல்தான் இருந்திருக்க வேண்டும், விரலை விட்டு இயக்குகிற கருவி இது என்றேன். என் மூன்று விரல்களை விட்டும் காட்டினேன்.

"பாஸைக் குடு" என்றார் இன்ஜினியர்.

கேட் பாஸைக் கழற்றிக் கொடுத்தேன். பெர்மனன்ட் கனவு அவர் சட்டைப் பைக்குள் போனது. அப்போதும் நான் தகட்டைக் கீழே போடவில்லை.

கல் தூண் என்று கேள்விப்பட்டு ஜியாலஜி மேடம் ஜீப்பில் வந்தார். கூடவே தண்ணீர் பம்ப் செக்‌ஷன் ஆட்கள். அதில் ஒருவர் என் அப்பா. என்னைப் பார்த்தார். உடனே வானத்தைப் பார்த்தார்.

"இது உங்க பையன்தானே?" இன்ஜினியர் கேட்டார்.

"எங்க வூட்லதான் தங்கிகினு இருக்கான் சார்" என்றார் அப்பா.

மேடம் தூணை ஒரு பார்வை பார்த்தார். "தம்பி, இது பழைய போர்வெல். கரிக்குக் கீழ தண்ணி முட்டிக்கிட்டு நிக்குது. அத எடுக்கலன்னா கரி வெட்ட முடியாது. அதுக்காக முன்கூட்டியே துளை போட்டு, குழாய் இறக்கி, சுத்தி ஒரே அளவு கல்லைச் சலிச்சுக் கொட்டுவாங்க. வேலை முடிஞ்சதும் குழாயை உருவிடுவாங்க. கல்லு நிக்கும்."

"அப்ப இந்தத் தகடு?"

அவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து தகட்டின் மேல் ஊற்றினார். களிமண் கரைந்தது. நீல நிறம் தெரிந்தது. குதிகால் தேய்ந்தது தெரிந்தது. கூட்டத்தில் முதல் சிரிப்பு கிளம்புவதற்குள் அப்பா பாய்ந்து அதைப் பிடுங்கினார்.

"என் செருப்பு! மேடம், இது என் செருப்பு! இதோ பாருங்க, வாரு அறுந்ததுக்கு நான் குத்துன ஊக்கு! கூலிக்கு இந்தப் போர்ல கல்லு கொட்டிகினு இருக்கறப்ப உள்ள வுழுந்துச்சு. வூட்டுக்காரி இன்னிக்கு வரைக்கும் நம்பல மேடம், சாராயக் கடையில வுட்டுட்டு வந்தேன்னு சொல்றா!" என்றவர் என் பக்கம் திரும்பி, தோளில் கைபோட்டுக்கொண்டார். "என் பையன்தான் சார் கண்டுபிடிச்சான்!"

நான் இறந்த காலத்திலேயே புதைந்துவிட விரும்பினேன். ஆனாலும் விடவில்லை. "மேடம், எங்கப்பா கொட்டுன கல்லையே என்னால கண்டுபிடிக்க முடியல. கோடி வருசம் கழிச்சு வர்றவனுக்கு இந்த டவுன்ஷிப்புல என்ன தெரியும்? ஒண்ணும் தெரியாது. அப்ப நமக்கு முன்னாடி யாருமே இல்லன்னு நீங்க மட்டும் எப்படிச் சொல்றீங்க?"

அவர் சிரிக்கவில்லை. "சொல்ல முடியாது தம்பி. ஆனா இது செருப்பு."

இனி பெல்ட் ஏன் நின்றது என்று லாக் புக்கில் எழுத வேண்டும். புல்கார்டை இரண்டே காரணத்துக்குத்தான் இழுக்கலாம்: உயிருக்கு ஆபத்து, அல்லது கரியில் அந்நியப் பொருள். மேடம் இன்ஜினியரைப் பார்த்தார். "சார், அந்நியப் பொருள் இருந்துச்சா இல்லையா?" இன்ஜினியர் அப்பாவின் கையிலிருந்ததைப் பார்த்தார், பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினார்: 'அந்நியப் பொருள். செருப்பு, ஒற்றை.' பாஸ் திரும்ப வந்தது. மெமோ இல்லை. ஒரு மாதம் பெல்ட்டுக்கு அடியில் குனிந்து சேறு வாரினேன், அவ்வளவுதான். லிஸ்டிலும் பெயர் வந்தது.

கவனியுங்கள்: அந்நியப் பொருள் என்று கம்பெனியே எழுதியிருக்கிறது. நான் சொன்னதும் அதேதான்.

அன்று மாலை அப்பா செருப்பை அம்மாவின் முன்னால் வைத்து, நெஞ்சை நிமிர்த்தி நின்றார். அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "செருப்பு உள்ள வுழுந்தது நெசம்தான். அன்னிக்கு நீ குடிக்கலன்னு இது சொல்லுச்சா?" என்று கேட்டுவிட்டு, அதை வாசல் நிலைக்கு மேலே திருஷ்டிக்கு மாட்டினார்.

அது இன்னும் அங்கேதான் தொங்குகிறது. வீட்டில் அதற்குப் பெயர் நாகரிகம். மற்ற வீடுகளில் அம்மாக்கள் செருப்பு பிஞ்சிடும் என்று மிரட்டினால், எங்கள் வீட்டில் "நாகரிகம் பறந்து வரும்" என்பார்கள். என் மகளுக்கு ஏழு வயதுவரை அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தமே தெரியாது. பள்ளியில் டீச்சர் "நாகரிகம் என்றால் என்ன?" என்று கேட்டதற்கு எழுந்து நின்று, "தாத்தாவோட இடது கால் செருப்பு" என்று சொல்லி, நான் போய் விளக்கம் கொடுக்கும்படி ஆயிற்று.

போன வாரம் சாப்பிடும்போது அவள் கேட்டாள்: "அப்பா, மனுசங்களுக்கு முன்னாடி இங்க யாராச்சும் இருந்தாங்களா?"

என் அப்பா வானத்தைப் பார்த்தார். அம்மா வாசல் நிலையைப் பார்த்தார்.

"இருந்தாங்க" என்றேன். பறந்து வந்தது. நான் குனியவில்லை.