ராணியின் பாலும் உயர் குழுவின் தேத்தண்ணியும்

உலகத்தில் எத்தனையோ மாபெரும் குழுக்கள் கூடிக் கலைந்திருக்கின்றன. ஆனால் கலஹா ஊருக்கு மேலே மலையில், பரிமளத்தின் மாட்டுக் கொட்டகையில் கூடிய 'கலப்பினப் பசுப் பாலாய்வு உயர் குழு'வுக்கு ஈடாக ஒன்றைச் சொல்லுங்கள் பார்ப்போம்! ஐந்து பேர், அவர்கள் உட்கார ஐந்து கதிரை, ஒரே ஒரு பசு.

பசுவின் பெயர் ராணி. அப்பன் ஜெர்சி, ஆத்தாள் நாட்டு மாடு. அபிவிருத்தித் திட்டத்தில் கொடுத்தது. குறித்த அளவு பால் வராவிட்டால் திருப்பி எடுத்துவிடுவார்கள். அந்த வீட்டின் அடுப்பே ராணியை நம்பித்தான் எரிந்தது.

எனவே பால் அளக்க வந்த துரைமாரின் மனதைக் குளிர வைக்கப் பரிமளம் முடிவு செய்தாள். வீடு தேடி வந்தவர்களுக்கு பாலில்லாத வெறும் சாயத்தண்ணி கொடுப்பது அவள் குடும்பத்திலேயே இல்லாத பழக்கம். விடியக் கறந்த வாளியிலிருந்து தாராளமாக அள்ளி ஊற்றி, நுரை பொங்க ஆற்றி, ஆளுக்கொரு பெரிய கோப்பை பால் தேத்தண்ணி. வெறும் வயிற்றில் விஞ்ஞானம் ஓடாது அல்லவா? குடித்து, வாயைத் துடைத்த பிறகே வாளி அளக்கப்பட்டது.

"குறையுது," என்றார் தலைவர் கலாநிதி தேவராசா, யாழ்ப்பாணத்துக்காரர். "பரம்பரைக் கோளாறு. தகப்பன் சரியில்லை எண்டு நான் அப்பவே சொன்னனான்."

"இல்ல சேர், சூழல்," என்றார் இன்னொரு உறுப்பினர், அலவத்துகொட ஊர் ஜமால்தீன். "காத்து பத்தாது. மாட்டுக்கு மனசு சரியில்ல."

உடனே கொட்டகையில் மின்விசிறி பூட்டப்பட்டது. வீணை இசை ஒலித்தது. ராணி சாணம் போட்டுத் தன் கருத்தைப் பதிவு செய்தது.

அடுத்த முறை பரிமளம் பயத்தில் பாயாசமும் காய்ச்சினாள். பால் மேலும் குறைந்தது. குழு மேலும் கவலைப்பட்டது. கவலையில் இன்னொரு கோப்பை கேட்டது.

"வாற கிழமை மாட்டை ஏத்த லொறி வரும், தங்கச்சி. மனசைத் தளர விடாதேங்கோ," என்றார் தேவராசா.

சொன்னபடியே லொறியோடு வந்து இறங்கினார்கள். பரிமளத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. 'எம் மாட்டப் புடிச்சிட்டுப் போறவங்களுக்கு எம் மாட்டுப் பாலா?' ஐந்து கோப்பைச் சாயத்தண்ணியை ணங்கென்று வைத்தாள்.

"பால் இல்லையோ, தங்கச்சி?"

"வாளியில இருக்குங்க சார். அளக்கத்தானே வந்தீங்க? அளங்க!"

அளந்தார்கள். ஜமால்தீன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் அளந்தார். குறித்த அளவைத் தாண்டி நின்றது பால்! பரிமளம் ராணியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள், சிரித்தாள். லொறி வெறுமையாகத் திரும்பியது.

உயர் குழு அங்கேயே கூடி, ஏகமனதாகத் தீர்மானித்தது: 'பரம்பரையுமில்லை, காற்றுமில்லை. இப்பசுவின் பாலைத் தீர்மானிக்கும் ஒரே காரணி, இக்குழுவின் வருகையே.' அடடா, எப்பேர்ப்பட்ட துல்லியம்!

"அப்ப நாங்கள் நாளாந்தம் வாறம்," என்றார் தேவராசா பெருமிதமாக.

"தாராளமா வாங்க சார். இதே சாயத்தண்ணி எப்பவும் இருக்கும்."

அதன் பிறகு குழு அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. திகனப் பக்கம் ஒரு பசுவுக்குத் திடீரென்று பால் குறையத் தொடங்கியிருப்பதாகக் கேள்வி.